இரண்டு கருப்புக் கோடுகள்

"பாய், ரோட்டுல கோலமா போட்டுக் கீறாங்க? இம்மாம் நேரம் பாத்துக்கினே கீறீங்களே."

சிம்ரன் கேட்டதற்கு அப்துல் ரசாக் பதில் சொல்லவில்லை. அவர் எந்தக் கேள்விக்கும் உடனே பதில் சொல்பவர் அல்ல. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக நொறுங்கிய வண்டிகளைப் பார்த்துப் பார்த்து ஓய்வு பெற்று, அதன் பிறகு அம்பத்தூரில் ஒரு மாடி அறையின் வாசலில் துப்பறியும் நிறுவனம் என்று போர்டு மாட்டியவர். சிம்ரன் அவருடைய உதவியாளர். முன்பு ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தாள். அவர் பேசாமல் விடுகிற இடங்களையெல்லாம் அவள்தான் நிரப்பிக்கொண்டிருந்தாள்.

நூம்பலில் புது மனைகளுக்கு நடுவே போகும் தார்ச்சாலை. இரு பக்கமும் எல்லைக் கற்களும் முள்ளும் பாதி எழுந்த வீடுகளும். சாலையின் நடுவில் இரண்டு கருப்புக் கோடுகள், ஸ்கேல் வைத்து இழுத்தது போல நேராக ஓடின. இடது பக்கம் பூசாத காம்பவுண்டுச் சுவர் ஒன்று ஆரம்பிக்கும் இடத்தில் அவை நின்றுபோயிருந்தன. மழை வராததால் இன்னும் அழியவில்லை.

போன வாரம் ஒரு காலையில், தான் கட்டிக்கொண்டிருந்த வீட்டின் அந்தச் சுவருக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்த மணவாளன், கார் மோதி அதே இடத்தில் செத்துப்போனார். காரை ஓட்டியது நான்தான் என்று சொல்லி நின்றவன் செல்வகுமார். இப்போது புழல் சிறையில் இருக்கிறான். அவன் மனைவி காவ்யா கோடுகளுக்குப் பக்கத்தில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

"இந்தக் கோடுதான் சார் எங்களுக்கு இருக்கற ஒரே சாட்சி," என்றாள் அவள். "நாய் குறுக்க வந்தது, முழு பலத்தோட பிரேக் அடிச்சேன், வண்டி வழுக்கிடுச்சுன்னு அவர் சொல்றார். கோடும் இருக்கு. அப்புறம் எப்படி இது கொலையாகும்?"

எப்படி ஆனது என்று அவளுக்கே தெரியும். பல வருடங்களுக்கு முன் ஆவடியில் மணவாளன் ஓட்டிய கார் மோதி இறந்துபோன பிரசன்னா அவளுடைய தம்பி. அந்த வழக்கிலிருந்து மணவாளன் விடுதலையானார். மச்சான் சாவுக்குச் செல்வகுமார் பழி வாங்கிவிட்டான் என்று போலீஸ் முடிவு கட்டிவிட்டது.

ரசாக் குந்தி உட்கார்ந்து கோட்டின் மேல் விரலை வைத்தார். பக்கத்து மனையில் ஒரு ஆடு இருமியது.

"உங்க வீட்டுக்காரர் எங்கம்மா வேலை செய்யறார்?"

"அம்பத்தூர் எஸ்டேட்ல. பிரேக் சாமான் செய்யற கம்பெனி. ஏபிஎஸ் பெட்டியை டெஸ்ட் பண்ற செக்ஷன்."

ரசாக் எழுந்து விரலைத் துடைத்துக்கொண்டார். "இந்தக் கோடு அவர் கார் போட்டதில்ல."

காவ்யாவின் கைகள் பிரிந்தன. "என்ன சார் சொல்றீங்க?"

"பழைய கார்ல பிரேக்கை ஒரே மிதியா மிதிச்சா சக்கரம் சுத்தறதை நிறுத்திடும். ஆனா வண்டி நிக்காது. நின்ன சக்கரத்தைத் தரையில தேச்சுக்கிட்டே போகும். அந்த ரப்பர்தான் இந்தக் கோடு. உங்க கார்ல ஏபிஎஸ் இருக்கு, ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு சென்சார். எந்தச் சக்கரம் நிக்கப் போகுதோ, அதுல மட்டும் பிடியைக் கொஞ்சம் விடும், திரும்பப் பிடிக்கும். கண் சிமிட்டற நேரத்துக்குள்ள பல தடவை. சக்கரம் சுத்திக்கிட்டே இருக்கும். கோடு விழுந்தாலும் விட்டு விட்டு, மங்கலாத்தான் விழும். இப்படி மை தீட்டினாப்போல விழாது."

"என் ஊட்டுக்காரனை நான் வச்சிக்கீற மாதிரி," என்றாள் சிம்ரன். "இறுக்கிப் புடிச்சா வழுக்கிக்கினு பூடுவான். விட்டு விட்டுப் புடிச்சா, சொன்ன பக்கம் திரும்புவான்."

"அதேதான்," என்றார் ரசாக், சிரிக்காமல். "சக்கரம் சுத்தினாத்தான் ஸ்டீரிங் பேச்சைக் கேக்கும். நின்னுபோன சக்கரம் எந்தப் பக்கம் திருப்பினாலும் நேராத்தான் போகும். கோட்டைப் பாருங்க, நேராப் போகுது. மணவாளன் நின்னது இடது பக்கம். இந்தக் கோட்டைப் போட்ட வண்டி அவரைத் தொட்டிருக்கவே முடியாது."

காவ்யா சுவரைப் பார்த்தாள், கோட்டைப் பார்த்தாள். கார் வந்து இடித்த இடத்தில் செங்கல் உதிர்ந்திருந்தது.

"அது மட்டுமில்ல. அவ்வளவு வேகத்துல பிரேக்கையும் அடிச்சு, ஸ்டீரிங்கையும் ஒடிச்சுத் திருப்பினா பழைய வண்டி பம்பரமாச் சுத்தியிருக்கும். உங்க கார் சுத்தல. வண்டி நிலை தப்பினா, ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் தானா பிடிச்சு நேராக்கற ஏற்பாடு அதுல இருக்கு. டிரைவர் எங்க போகணும்னு கையால கேட்டாரோ அங்க கொண்டுபோய் விட்டிருக்கு."

"அப்படின்னா," காவ்யாவின் குரல் தணிந்தது, "வேணும்னே திருப்பினதுன்னு சொல்றீங்க."

ரசாக் நடக்க ஆரம்பித்தார்.

சாலை வளையும் இடத்தில் தார்ப்பாய்க் கூரை போட்ட டீக்கடை. கடைக்காரி குப்பம்மா, அடுப்பைத் தவிர எதையும் திரும்பிப் பார்க்காதவள் போல இருந்தாள்.

"இன்னாம்மே, மூணு டீயா?"

"மூணு. ஒண்ணு சக்கரை கம்மி, இந்த பாய்க்கு. ஏற்கெனவே ரொம்ப இனிப்பாப் பேசுவாரு," என்றாள் சிம்ரன். "அன்னிக்கு ஆக்சிடென்ட் ஆச்சே, கீச்சுன்னு சத்தம் பெருசா கேட்டிருக்குமே ஆயா?"

"கீச்சு அன்னிக்கு இல்ல. அது மொத நாளு. பட்டப்பகல்ல காதைக் கிழிச்சுது. என் மருமவன் படுத்துக்கினு இருந்தவன் எழுந்து குந்திக்கினான். அவன் எழுந்ததே அதிசயம், அதான் நெனப்புல கீது."

ரசாக்கின் கையில் டீ கிளாஸ் பாதி வழியில் நின்றது. "அவர் செத்த அன்னிக்கு?"

"தகர டப்பால கல்லைப் போட்டுக் குலுக்கினா மாதிரி கொரகொரன்னு ஒண்ணு. அப்பால டமால். பாலு பொங்கிக்கினு இருந்தது. எறக்கி வச்சிட்டு ஓட்றேன், அந்தத் தம்பி கார் பக்கத்துல நின்னுக்கினு கீறாரு. மூச்சு வாங்கி வாங்கி, பேச்சே வரல பாவம்."

"முதல் நாள் கீச்சுன்னு போன வண்டியைப் பாத்தீங்களா?"

"நான் எங்க நைனா பாத்தேன். இந்த ரோட்டுல கத்துக்கற வண்டிங்கதான் வரும், செவப்பு எல் போர்டை மாட்டிக்கினு. அதுங்க எறும்பு கணக்கா போவும். இன்னாத்துக்கு அப்படிக் கத்துச்சுன்னு நானே யோசிச்சேன்."

வாடகைக்கு எடுத்து வந்த கார் நிழலில் நின்றது. செல்வகுமாரின் கார் எந்த மாடலோ அதே மாடல், சிம்ரன் பேரில் எடுத்தது. அதன் பக்கத்தில் வந்ததும் ரசாக் நின்றார்.

"கார்ல உக்காந்து வந்தவருக்கு எதுக்கும்மா மூச்சு வாங்கணும்?"

காவ்யா அவரைப் பார்த்தாள்.

"உங்க ஃபிளாட் இங்கிருந்து ஓடி வர்ற தூரம்தானே?"

அவள் தலையசைத்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. "எனக்கு அன்னிக்கு நைட் ஷிப்ட். வந்து பாத்தா வீடு பூட்டியிருந்தது. அவர்… அவர் ஓட்டலையா?"

"இந்தக் கோட்டை முதல் நாளே போட்டு வச்சது யாரோ, ஓட்டினதும் அவங்கதான். இந்தக் கார் கோடு போடாதுன்னு அவங்களுக்குத் தெரியாது. உங்க வீட்டுக்காரருக்கு அதுதான் தினசரி வேலை. அவர் இந்தத் தப்பைச் செஞ்சிருக்கவே மாட்டார். கோட்டைப் பாத்ததுமே புரிஞ்சிருக்கும். புரிஞ்சும் அவர் வாயைத் திறக்கல." ரசாக் காரின் முன் சக்கரத்தைக் குனிந்து பார்த்தார். "ஒரு சோதனை செய்யணும். நல்லா வண்டி ஓட்டத் தெரிஞ்ச பெரியவர் ஒருத்தர் கூட இருந்தா உதவியா இருக்கும்."

"எங்கப்பா இருக்காரே," என்றாள் காவ்யா உடனே. "ஆவடி சேக்காட்டுல டிரைவிங் ஸ்கூல் வச்சிருக்கார். மாப்பிள்ளைக்காகன்னா உடனே வருவார்."

சிம்ரன் ரசாக்கைப் பார்த்தாள். அவர் கார்க் கதவைத் திறந்துகொண்டிருந்தார். ஆவடி போய்ச் சேரும்வரை வண்டியில் யாரும் பேசவில்லை. சிம்ரன்கூட.

பச்சையப்பன் ஒல்லியான மனிதர். வெளுத்த சட்டையை மேல் பட்டன் வரை போட்டிருந்தார். ஸ்கூல் வாசலில் அவருடைய பழைய கார் நின்றது. இரண்டு கதவிலும் ஸ்கூல் பெயர், வாத்தியார் உட்காரும் இடது பக்கம் தனியாக ஒரு பிரேக். காவ்யாவைப் பார்த்ததும் "சாப்டியாம்மா?" என்றார். ரசாக் விஷயத்தைச் சொன்னார். செல்வகுமார் எப்படி பிரேக் அடித்திருப்பார் என்று பார்க்க வேண்டும், நீங்கள் ஓட்டிக் காட்ட முடியுமா என்று கேட்டார்.

"இந்த மாதிரி வண்டிய நான் தொட்டதே இல்ல சார். மாப்பிள்ளை வண்டில நமக்கு எப்பவும் பின் சீட்டுதான். என் காலுக்கு இந்தக் கிழட்டு வண்டிதான் தெரியும்."

"அப்ப சிம்ரன் ஓட்டட்டும். நீங்க பக்கத்துல உக்காந்து பாத்துச் சொல்லுங்க."

"நைனா, நான் ஆட்டோ ஓட்டினவ," என்றாள் சிம்ரன். "மூணு சக்கரத்துலயே ஊரைச் சுத்தினவ. நாலாவது சக்கரம் எனக்கு இலவச இணைப்பு. பயப்படாம ஏறுங்க."

பச்சையப்பன் லேசாகச் சிரித்தார். முன்னால் ஏறிக்கொண்டார். ரசாக்கும் காவ்யாவும் பின்னால்.

ஊரைத் தாண்டி, வீடு வராத ஒரு மனைப்பிரிவு. மணல் தூவிய நீளமான தார்ச்சாலை, ஆள் நடமாட்டம் இல்லை. ரசாக் பின்னாலிருந்து சொன்னார். "வேகம் எடும்மா. இன்னும். இன்னும் கொஞ்சம். இப்ப மிதி."

சிம்ரன் மிதித்தாள். கார் முன்பக்கம் குனிந்தது. பெடல் அவள் காலுக்கு அடியில் படபடவென்று துடித்தது. அடியில் எதுவோ கொரகொரவென்று அரைத்தது.

"அய்யய்யோ, பிரேக்கு புட்டுக்கிச்சு," என்று சிம்ரன் காலைத் தூக்கிவிட்டாள். கார் மறுபடி ஓடியது.

"காலை எடுக்காத," என்றார் பச்சையப்பன். குரலில் பதற்றமே இல்லை. பலருக்குச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த குரல். "உதைச்சா உதைக்கட்டும். அது புட்டுக்கல, அதோட சுபாவமே அப்படித்தான். மிதிச்சிக்கினே கையத் திருப்பு. வண்டி கேக்கும்."

சிம்ரன் மறுபடி மிதித்தாள், கையைத் திருப்பினாள். கார் துடித்துக்கொண்டே இடது பக்கம் ஒதுங்கி, மண்ணில் அமைதியாக நின்றது.

பின் சீட்டில் காவ்யா அசையவில்லை. அவளுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்ததே அவர்தான். அந்தப் பழைய காரில்தான் கற்றுக்கொண்டாள். மிதித்துக்கொண்டே திருப்பு என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. மிதித்தால் திருப்பாதே, திருப்பினால் மிதிக்காதே என்றுதான் திட்டுவார்.

பச்சையப்பன் கதவைத் திறந்து இறங்கினார். காருக்குப் பின்னால் நடந்து, வந்த வழியைக் குனிந்து பார்த்தார். மணலில் டயர்த் தடம் மட்டும் இருந்தது. தாரில் அங்கங்கே மங்கலாக ஏதோ. அவர் இன்னும் கொஞ்ச தூரம் நடந்தார். செருப்பால் மணலை ஒதுக்கிப் பார்த்தார்.

"இருக்காது," என்றார் ரசாக், இறங்கி வந்து. "இந்த வண்டி போடாது. இப்ப வர்ற எந்த வண்டியும் போடாது."

பச்சையப்பன் நிமிரவில்லை.

"தொட்டதே இல்லைன்னீங்க. பெடல் உதைக்கும்னு எப்படித் தெரியும்? யாராவது சொல்லிக் கேட்டவங்களுக்கு உதைக்கும்னு மட்டும்தான் தெரியும். மிதிச்சிக்கிட்டே திருப்பலாம்னு, மிதிச்சுப் பாத்தவங்களுக்குத்தான் தெரியும்."

தூரத்தில் ஒரு மின்சார ரயில் போய் முடிந்தது. காவ்யா இறங்கி வந்து அப்பாவுக்கு எதிரே நின்றாள்.

"அப்ப கோடு இருந்தா விட மாட்டாங்களா?" என்று கேட்டார் பச்சையப்பன். மகளைப் பார்க்காமல் ரசாக்கைத்தான் கேட்டார்.

"இது மாட்டி விடற கோடு. முதல் நாளே போட்டு வச்சதுன்னு ஆயிடுச்சுன்னா, திட்டம் போட்ட கொலை. உங்க மாப்பிள்ளை வெளிய வரவே மாட்டார்."

அந்த மனிதரின் முகத்தில் அப்போதுதான் ஏதோ உடைந்தது.

"அவனை விட்டாங்களே சார்," என்றார். "என் புள்ளைய அடிச்சுப் போட்டவன. கோர்ட்ல போட்டோவ நீட்டினான் அவன் வக்கீலு. ரோட்டுல இம்மாம் நீளம் ரெண்டு கோடு. 'நிறுத்த முழு முயற்சி பண்ணியிருக்காரு, இந்தக் கோடே சாட்சி'ன்னு சொன்னாங்க. அவன் ஃபோன்ல பேசிக்கினு வந்ததை யாரும் கேக்கல. நான் அங்க நின்னுக்கினு இருந்தேன். அந்த போட்டோவ என் கண்ணு முன்னாடிதான் பாத்தாங்க. சரி, கோடு இருந்தா வுட்ருவீங்க இல்ல, அதே கோட்டை நானும் போடுறேன்னு அன்னிக்கே முடிவு பண்ணேன். அதே மாதிரி கோர்ட்ல நிக்கணும். அதே மாதிரி வெளிய வரணும். அவன் பொண்டாட்டி புள்ள பாக்கணும்."

"உங்க வண்டியில கோட்டைப் போட்டீங்க. மாப்பிள்ளை வண்டியில மோதினீங்க."

"என் வண்டில பேர் எழுதியிருக்குதே. தூரத்துலயே தெரிஞ்சிக்கினு ஒதுங்கிடுவான். கோயிலுக்குப் போறேன்னு மாப்பிள்ளைகிட்ட சாவிய வாங்கினேன். அப்பால ஃபோன் பண்ணேன். ஓடியாந்தாரு. 'உங்க பேர் வந்தா பழி வாங்கினதுன்னுதான் சொல்வாங்க மாமா, நான் அந்த ஆளைப் பாத்ததுகூட இல்ல, நீங்க போங்க'ன்னாரு. கோடு இருக்குது, ஒரு மாசத்துல வந்துருவாருன்னு நெனச்சேன்."

"அந்த ஃபோன் கால் இன்னும் பதிவுல இருக்கும்," என்றார் ரசாக். "கையில ஆள் இருந்ததால போலீஸ் தேடல. அவ்வளவுதான்."

பச்சையப்பன் தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு மகளைப் பார்த்தார். "கடைசில மிதிச்சேன்மா. நெஜமாத்தான். அவன் திரும்பிப் பாத்தான், என் கால் தன்னால பிரேக்குக்குப் போயிடுச்சு. என் வண்டியா இருந்தா நேராப் போயிருக்கும். அவன் பொழைச்சிருப்பான். இந்த வண்டி திரும்பிடுச்சு."

"கை எந்தப் பக்கம் இருந்தது?" என்று கேட்டாள் காவ்யா.

அவர் தன் கைகளைப் பார்த்தார்.

"காலை விடுப்பா. ஸ்டீரிங் எந்தப் பக்கம் இருந்தது?"

"இடது பக்கம்," என்றார் மெல்ல. "திருப்பித்தான் வச்சிருந்தேன்."

சிம்ரன் காரில் சாய்ந்து நின்று எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். ரசாக் தன் செருப்பில் ஒட்டிய மணலைப் பார்த்தார். இதற்கு மேல் அவர் கேட்க வேண்டியது எதுவும் இல்லை.

"அவனைக் கொன்னதுக்கு நான் உன்னை ஒண்ணும் கேக்கல," என்றாள் காவ்யா. குரல் உயரவே இல்லை. அது உயர்ந்திருந்தால் தேவலை என்று ரசாக்குக்குத் தோன்றியது. "என் புருஷனை உள்ள அனுப்பிட்டு, தினம் சட்டையத் தேச்சுப் போட்டுக்கிட்டு ஸ்கூலைத் திறந்து வச்சிருந்தியே, அதுக்குத்தான் கேக்கறேன். நேத்து என் வீட்டுக்கு வந்து, தைரியமா இரும்மான்னு சொல்லிட்டு, நான் வச்ச குழம்பைச் சாப்பிட்டே."

"ஊட்டுக்குப் போய் மாத்திரைய எடுத்துக்கினு, துணி மாத்திக்கினு…"

"அவருக்குத் துணி மாத்த நேரம் குடுத்தியா?"

அவள் சிம்ரனிடம் கை நீட்டினாள். சிம்ரன் சாவியைக் கொடுத்தாள். "பூந்தமல்லி ரோட்டுல போலீஸ் ஜாஸ்திம்மா, மெதுவாப் போ," என்றாள், வேறு சொல்லத் தெரியாமல்.

"போலீஸ்கிட்டதான் போறேன்," என்றாள் காவ்யா.

பச்சையப்பன் இடது பக்கக் கதவைத் திறந்து ஏறினார். ரசாக்கும் சிம்ரனும் பின்னால் ஏறப் போனார்கள். காவ்யா காரைக் கிளப்பவில்லை. ஸ்டீரிங்கில் இரண்டு கைகளையும் வைத்து, கண்ணாடி வழியே வெறும் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, அவன் உன்னைத் திரும்பிப் பாத்தான்னு சொன்னியே. யாருன்னு தெரிஞ்சுக்கிட்டானா?"

"தெரிஞ்சிக்கினான்."

"பயந்தானா?"

கேட்டது மகளா என்று சந்தேகம் வந்தவர் போல அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். பின் கதவின் கைப்பிடியில் வைத்த கையை ரசாக் எடுத்துவிட்டார். அப்பாவும் மகளும் தனியாகப் போய்ச் சேர வேண்டிய தூரம் இது, தான் ஏறக் கூடாது என்று அவருக்குத் தோன்றியது.

"ரொம்ப," என்றார் பச்சையப்பன்.

காவ்யா தலையசைத்தாள். கண்களைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கியரைப் போட்டாள்.

"சரி. சீட் பெல்ட்டைப் போடுப்பா."